தொப்பி அணிய மறுத்த சிறுவர்கள்

பிள்ளைப் பிராயம் கழிந்துவிட்டது என்று ஊரறியச் சொல்லுவதற்கு ஏதேனும் ஒரு சடங்கை வைத்துக்கொள்ளாத ஜனசமூகம் அரிது. தலையை மழித்தோ, பூணூலை அணிவித்தோ, கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தோ, நேற்றுவரை தெருப்புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தவனை இன்றுமுதல் பெரியவன் என்று மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுகிறார்கள்; விருந்து நடக்கிறது; தாய் கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிறாள். இத்தகைய சடங்கு ஒன்றை மையமாகக் கொண்டு, 1967-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் சிறுவர்களுக்கென்று ஒரு கதை வெளிவந்தது. அக்கதையில் வரும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு 14 வயது ஆனதும் நாள் குறிக்கப்படுகிறது. தலை மழிக்கப்பட்டுப் பிள்ளை காத்திருக்க, மரங்களுக்கெல்லாம் மேலே ஓங்கி நிற்கும் ஒரு யந்திர பூதம் மூன்று கால்களால் வயல்களைத் தாண்டி நடந்து வந்து, நீண்ட உலோகக் கரத்தால் அவனைத் தூக்கித் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளுகிறது. மீண்டும் இறக்கிவிடப்படும்போது, கம்பிவலை போன்ற ஓர் உலோகத் தொப்பி அவனுடைய மண்டையின் தோலோடு ஒன்றாகப் பொருந்தியிருக்கிறது. அன்றுமுதல் அவன் நன்றாக உழைப்பான், பெரியோருக்கு அடங்கி நடப்பான், சந்தோஷமாகவும் இருப்பான். கேள்வி கேட்பது என்ற ஒன்றைமட்டும் அவன் மறந்துபோயிருப்பான்.

"வெண்மலைகள்" என்று பொருள்படும் பெயருடைய அந்நூலை எழுதியவர் ஜான் கிறிஸ்டபர். அது அவர் பூண்டுகொண்ட பெயர். இயற்பெயர் சாம் யூட். சிறுவர்களுக்கு விஞ்ஞானக் கதை எழுதுதல் என்ற தொழிலின் சரித்திரத்தைப் பிரிட்டனில் ஆராயப் புகுவோர், அவருக்கு முன், அவருக்குப் பின் என்று அதனை இரு கூறாகப் பிரித்துக்கொள்ள நேரிடும். அவருக்கு முன் அக்கதைகளின் நாயகன் யந்திரம். அவருக்குப் பின் அந்த ஸ்தானத்தில் மனிதனுடைய மனம் வந்து அமர்ந்தது. இம்மாறுதல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தொழிலின் வேர் விக்டோரியா மகாராணியின் காலத்திலேயே ஊன்றியது. காலணாப் பெறுமானமுள்ள கொலைக்கதைகளிலும் கொள்ளைக்கதைகளிலும் பிள்ளைகள் மனத்தைப் பறிகொடுக்கிறார்களே என்று கவலையுற்ற கிறிஸ்தவ சமயநூற் சங்கத்தார், 1879-ஆம் ஆண்டில் "பாய்ஸ் ஓன் பேப்பர்" என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். பிரெஞ்சு நாட்டு ஜூல்ஸ் வெர்னுடைய அற்புதப் பிரயாணக் கதைகள் ஆங்கில உருவில் அதன் பக்கங்களில் தொடர்கதையாக வந்தன. பின்னர், 1897-இல் ஒரு மாதப் பத்திரிகையில் தொடராகவும் மறு ஆண்டு புத்தகமாகவும் வெளிவந்த எச். ஜி. வெல்ஸின் "உலகங்களின் யுத்தம்", செவ்வாய்க் கிரகத்தார் மூன்று கால் யந்திரங்களில் ஏறி லண்டனுக்கருகிலுள்ள சர்ரே மாவட்டத்தைச் சூறையாடியதைக் கூறிற்று. அது பெரியோருக்கென்றே எழுதப்பட்டதாயினும், பெரியோர் படித்து முடித்த புத்தகத்தை மறைவிடத்திற் கொண்டுபோய்ப் படிக்கும் வழக்கம் எந்நாட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டாதலால், அந்த மூன்று கால் பூதங்கள் மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் கனவில் நடமாடின.

எனினும் இத்தொழில் செழித்து வளர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னரேயாகும். காகிதக் கட்டுப்பாடு தளர்ந்து, கல்விச் சட்டத்தின் பயனாக உயர்நிலைப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட அக்காலத்தில், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, மார்க்கஸ் மாரிஸ் என்ற பாதிரியாரின் முயற்சியால் "ஈகிள்" என்னும் வாரப் பத்திரிகை தோன்றியது. அதன் முதற்பக்கத்தில் பிராங்க் ஹாம்ப்ஸன் வண்ணத்தில் தீட்டிய டான் டேர் என்ற விண்வெளி வீரனைக் காண்பதற்காகவே லட்சக்கணக்கான பிள்ளைகள் வாரந்தோறும் கடைவாயிலில் காத்திருந்தனர். 1953-இல் வானொலியில் சந்திரப் பிரயாணக் கதை தொடராக ஒலிபரப்பாயிற்று. யுத்த விமானக் கதைகளால் புகழடைந்த கேப்டன் டபிள்யூ. ஈ. ஜான்ஸ் 1954-இல் தம் வீரர்களை விமானத்திலிருந்து இறக்கி ஆகாயக் கப்பலில் ஏற்றினார். ஹ்யூ வால்டர்ஸ் என்ற பெயரில் எழுதியவர், 1957-இல், ஆஸ்திரேலியாவின் வூமெராப் பாலைவனத்திலிருந்து ஒரு பள்ளி மாணவனை ராக்கெட்டில் அனுப்பி, பிறகு அவனை ஒவ்வொரு கிரகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நமக்கு அண்மையிலுள்ள இலங்கையில் 1956-இல் குடியேறி, அங்கேயே தம் ஆயுளின் இறுதிவரை வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும், 1952-இல் இத்தகைய நூலொன்றை இளைஞருக்காக எழுதியவரே. போட்டியில் வென்ற ஒரு சிறுவன் அதன் பரிசாக விண்வெளி நிலையத்தைக் காணச் செல்லுவது அதன் கதை.

இந்நூல்களை இழிவாகக் கூறுவது நம் கருத்தன்று. ராக்கெட்டு எவ்வாறு எழும்புகிறது, ஆகாயத்தில் எடையற்ற நிலை எவ்வாறு உண்டாகிறது, சந்திரனில் ஒலி ஏன் பரவுவதில்லை என்பனவற்றை நேர்மையோடு கற்பித்து, எத்தனையோ பிள்ளைகளை விஞ்ஞானக் கூடங்களுக்கு அனுப்பிவைத்த பெருமை அவற்றுக்கு உண்டு. ஆனால் அவற்றில் வரும் சிறுவர்கள் தைரியசாலிகளாயிருந்தார்களேயன்றி, சந்தேகம் என்பதை அறியாதவர்களாயிருந்தார்கள். எது நன்மை, எது தீமை என்பது முதல் அத்தியாயத்திலேயே நிச்சயிக்கப்பட்டுவிடும். எஞ்சியிருப்பது தூரத்தைக் கடப்பது ஒன்றே. அந்தத் தூரத்தையும் உண்மை விஞ்ஞானம் கடந்துவிட்டது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பூமியைச் சுற்றிற்று. 1961 ஏப்ரலில் ககாரின் சுற்றினார். வெள்ளிக் கிரகம் அடர்வனம் அன்று, கொதிக்கும் உலை என்பது தெரியவந்தது. 1965-இல் மாரினர் 4 என்ற விண்கலம் அனுப்பிய புகைப்படங்களில், கால்வாய்களும் நகரங்களும் இருக்குமென்று எதிர்பார்த்த செவ்வாயின்மேல் குழிகள் நிறைந்த பாழ்நிலமே காணப்பட்டது. கற்பனை செய்பவன் பயிரிட்டுவந்த நிலம் இவ்வாறு அவன் கண்முன்னே தரிசாயிற்று. அத்தறுவாயிலேதான் யூட் சிறுவர் இலக்கியத்தினுள் புகுந்தார்.

அவர் 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் தேதி, லங்காஷயரில், லிவர்பூலுக்கு அருகிலுள்ள ஹைடன் என்னும் ஊரிற் பிறந்தவர். பத்து வயதளவில் குடும்பம் தெற்கே ஹாம்ப்ஷயருக்குக் குடிபெயர, புராதன அரசர்களின் தலைநகராயிருந்த வின்செஸ்டரில், பீட்டர் ஸைமண்ட்ஸ் பள்ளியில் அவர் கல்வி பயின்றார். அந்நகரத்துப் பழைய சுவர்களும், பேராலயமும், அவற்றைச் சூழ்ந்த சுண்ணக்குன்றுகளும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. வாலிபப் பருவத்திலேயே விஞ்ஞானக் கதைகளில் பித்துக்கொண்டு, ஒத்த ரசனையுள்ள நண்பர்களுக்காக "பேன்டஸ்ட்" என்ற சிறு பத்திரிகையைத் தாமே நடத்தினார். 1941 முதல் 1946 வரை ராணுவத்தின் தந்திச் செய்திப் படையில் பணியாற்றித் திரும்பியபின், ராக்பெல்லர் நிதியத்தின் உதவித்தொகை கிடைக்க, 1949-இல் முதல் நாவலை வெளியிட்டார். உதவித்தொகை தீர்ந்தது; குடும்பம் வளர்ந்தது. தொழில்துறையில் பயன்படும் வைரங்களைப் பற்றிய தகவல் நிலையமொன்றில் பகலெல்லாம் உத்தியோகம் பார்த்து, இரவில் எழுதினார். ஒரு மகனும் நான்கு மகள்களுமாக ஐந்து குழந்தைகளுக்குச் சோறிட வேண்டிய தகப்பன், ஒரு பெயரில் துப்பறியும் கதை, மற்றொரு பெயரில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றிய நாவல், வேறொரு பெயரில் பெண்களுக்கேற்ற குடும்பக் கதை என்று எழுதிக் குவித்தார். அவர் புனைந்துகொண்ட பெயர்கள் அரை டஜனுக்கும் அதிகம். எழுத்தைக் கலையென்று போற்றுவோர் சிலர் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கலாம். கையால் உழைத்துப் பிழைக்கும் தச்சனும் கொல்லனும் எவ்வளவு மரியாதைக்கு உரியவர்களோ, அவ்வளவு மரியாதைக்கு உரியது அந்த உழைப்பும் என்பது நம் துணிபு; பின்னாளில் அவருடைய வாக்கியங்களில் ஒரு சொல்லும் வீணாகாமல் நின்றதற்கு அப்பயிற்சியும் ஒரு காரணமாயிருந்திருக்க வேண்டும்.

ஜான் கிறிஸ்டபர் என்ற பெயரில் அவர் 1956-இல் வெளியிட்ட "புல்லின் மரணம்" அவரை உலகறியச் செய்தது. சீனத்தில் நெற்பயிரைத் தாக்கும் ஒரு நச்சுநுண்மம் மெல்ல உருமாறி, கோதுமை, வாற்கோதுமை, மேய்ச்சற்புல் யாவற்றையும் அழிக்கிறது. நாம் உண்ணும் நெல்லும், கேழ்வரகும், கம்பும், கரும்பும் புல்லினத்தைச் சேர்ந்தவையே என்பதை நினைத்துப் பார்ப்பவர்க்கு அந்நூலின் பயங்கரம் உடனே விளங்கும். சீனத்துப் பட்டினியைப் பத்திரிகையிற் படித்து அனுதாபப்பட்ட கண்ணியமான ஆங்கிலேயர்கள், உணவு இங்கும் அற்றுப்போனபின், சகோதரனுடைய பள்ளத்தாக்கைச் சேர்வதற்காக வழியில் கொலைக்கும் துணிகிறார்கள். நாகரிகம் என்பது மூன்றுவேளைச் சோற்றின்மேல் கட்டப்பட்டது என்ற அந்தக் கசப்பான உண்மையை எழுதியபோதே, யந்திரங்களைக் காட்டிலும் மனித சுபாவமே தம் விஷயம் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்நூல் ஈட்டிய பொருளால் உத்தியோகத்தை விட்டு, முழுநேர எழுத்தாளராகி, பின்பு கெர்ன்ஸித் தீவிற் குடியேறினார்.

பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், சிறுவர்களுக்கு ஒரு விஞ்ஞானக் கதை எழுதித் தரலாகாதா என்ற கேள்வி பதிப்பாளரிடமிருந்து வந்தது. அச்சமயத்தில் அவருக்கு வருங்காலத்தின்மேல் இருந்த ஆர்வம் குன்றி, கடந்தகாலத்தின்மேல் ஈடுபாடு மிகுந்திருந்தது. ஆகவே வருங்காலத்தையே கடந்தகாலமாக அமைத்துவிடுவது என்று தீர்மானித்தார். அன்னியர்கள் பூமியை வென்று பல தலைமுறைகள் கழிந்துவிட்டன. பட்டணங்கள் பாழடைந்து கிடக்கின்றன. மக்கள் குதிரைவண்டிகளில் சந்தைக்குப் போகிறார்கள். பழைய கைக்கடிகாரம் ஒன்று ஊரார் வியக்கும் அதிசயப் பொருளாயிருக்கிறது. ராக்கெட்டுகளும் கதிர்த் துப்பாக்கிகளும் நிறைந்திருந்த புத்தக அலமாரியில், மண்சாலையும் மாட்டுத்தொழுவமும் கோட்டையும் பிரபுக்களும் வரும் ஒரு விஞ்ஞானக் கதை வந்து சேர்ந்தது. சிறுவர்களுக்குத்தானே என்று அதனை எளிதாக எழுதிவிட இயலவில்லை; அமெரிக்கப் பதிப்பாசிரியை குறைகளைச் சுட்டித் திருப்பியனுப்ப, தேர்ந்த எழுத்தாளராகிய அவர் மீண்டும் உட்கார்ந்து எழுதினார். அதன் பிறகு சிறுவர்களுக்கு எழுதுவதே தம் முதன்மையான பணியாக அவருக்கு அமைந்தது.

வெண்மலைகள் என்பவை ஆல்ப்ஸ் மலைகள். தொப்பியணியாத சிலர் அங்கே குகைகளில் வாழ்கிறார்கள் என்ற செய்தியை, பைத்தியக்காரனைப்போல் வேஷமிட்டு அலையும் ஒருவன் வாயிலாகக் கேட்டறிந்த வில் பார்க்கர் என்ற சிறுவன், தனக்குப் பிடிக்காத உறவினனாகிய ஹென்றியோடும், கடல் கடந்தபின் சேர்ந்துகொண்ட பிரெஞ்சுச் சிறுவனோடும் அம்மலைகளை நோக்கி நடக்கிறான். இவ்விடத்தில் ஆசிரியர் செய்திருக்கும் நுட்பம் கவனித்தற்குரியது. வழியில் வில் நோய்வாய்ப்பட, ஒரு கோட்டையிலுள்ளோர் அவனை அன்போடு பேணுகிறார்கள். அவ்வீட்டுச் சிறுமியின்மேல் அவன் நேசம் கொள்ளுகிறான். பிரபுவின் மனைவி அவனை மகன்போல் பாவிக்கிறாள். அவர்கள் எல்லோரும் தொப்பியணிந்தவர்கள், எல்லோரும் நல்லவர்கள், சுகத்தில் குறைவில்லாதவர்கள். தொப்பியை ஏற்றுக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அவன் மனத்தில் எழுகிறது. அடிமைத்தனம் கோரப்பல்லோடு வரும்போது அதனை எதிர்ப்பதில் சிரமமில்லை. பாலும் பழமும் பரிவுமாக வரும்போது அதனைத் தெரிந்துகொள்வதே அரிது என்பதை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை உணருமாறு அதற்குமுன் இவ்வளவு தெளிவாகச் சொன்ன கதை அத்தொழிலில் இருந்ததாக நாம் அறியோம்.

1967-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த, இக்கதை வரிசையின் இரண்டாம் நூல் "பொன்னும் ஈயமுமான நகரம்". அன்னியர்கள் வாழும் நகரத்தின் சுவர் பொன்மயமானது. உள்ளே அவர்களுடைய கிரகத்தைப்போல் ஆகர்ஷண சக்தி மிகுந்திருப்பதால், மனிதனுடைய கையும் காலும் ஈயம்போல் கனக்கின்றன. விளையாட்டுப் போட்டிகளில் வென்ற வலிமை மிக்க வாலிபர்கள் அங்கே தொண்டு செய்யப் பெருமையோடு செல்லுகிறார்கள். பச்சை நிறக் காற்றும் தாங்கவொண்ணாத வெப்பமும் கனமும் அவர்களைச் சில காலத்துக்குள் கொன்றுவிடுகின்றன. போலித் தொப்பியோடு உள்ளே புகுந்த வில்லுக்கு வாய்த்த எஜமானன் கொடியவன் அல்லன். வளர்ப்பு நாயைத் தடவிக்கொடுப்பதுபோல் அவனிடம் அன்பு பாராட்டுகிறான். பூமியின் காற்றையே மாற்றி மனிதகுலத்தைப் பூண்டோடு அழிக்கப்போகும் திட்டத்தை, மனம் நெகிழ்ந்து அவனிடம் கூறுபவனும் அந்த எஜமானனே. ஆளப்பட்ட தேசத்தில் வாழ்ந்த அனுபவமுள்ள எவரும், தயாள குணமுள்ள அந்த எஜமானனை எளிதாக இனங்கண்டுகொள்வர்.

அவருடைய பிற நூல்களிலும் இதே விசாரமே வேறு வேறு உருவெடுத்தது. 1970-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் கார்டியன் பத்திரிகையின் சிறுவர் இலக்கியப் பரிசைப் பெற்ற "காவலர்கள்" என்ற நாவல், 2052-ஆம் ஆண்டின் இங்கிலாந்தை வேலியால் இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் ஜனநெருக்கமும், ஆட்ட அரங்குகளும், ஆரவாரமுமுள்ள பெருநகரம். மறுபுறம் குதிரையும் தோட்டமும் தேநீர் விருந்துமாகச் சாந்தியில் மூழ்கிய நாட்டுப்புறம். அனாதையாகிய ராப் என்ற சிறுவன் வேலியைக் கடந்து நாட்டுப்புறத்தில் புகுந்து, நற்குடும்பமொன்றின் பிள்ளையாகவே ஆகிவிடுகிறான். அந்தச் சாந்தியைக் குலைக்க நினைப்பவர்களுடைய மூளையைச் சிகிச்சையால் மாற்றிவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டபோது, தனக்குக் கிடைத்த சகல சௌகரியங்களையும் உதறி, வந்த வழியே வேலிக்கு அப்பால் திரும்புகிறான். வின்செஸ்டர் நகரையே களமாக்கி 1970 முதல் 1972 வரை எழுதிய மற்றொரு மூன்று நூல் வரிசையிலோ, பூகம்பங்களாலும் எரிமலைகளாலும் அழிந்த உலகில் யந்திரத்தைப் பாவமென்று வெறுக்கும் மக்களும், அவர்கள் வணங்கும் தெய்வத்தின் பேரால் விஞ்ஞானத்தை ரகசியமாகக் காத்துவரும் ஞானிகளும் வருகிறார்கள். பால்யத்தில் தாம் நடந்த தெருக்களில், தம் அரசகுமாரனைத் தனிமையிலும் கர்வத்திலும் சிக்கவைத்து அவர் நடத்திச்செல்லுவது, நம் நாட்டு இதிகாச நாயகர்களின் துயரத்தை ஒருவாறு நினைவூட்டுகிறது.

மூன்று கால் பூதங்களின் கதையை பிபிசி நிறுவனம் 1984-இலும் 1985-இலும் தொலைக்காட்சித் தொடராக்கியது. மூன்றாம் நூலை எட்டுமுன் தொடர் நிறுத்தப்பட்டது. வலிமை மிக்க ராணுவங்களை இந்தப் பூதங்கள் எவ்வாறு வென்றிருக்க இயலும் என்ற வினா அக்காலத்தில் எழுந்தது. விடையாக அவர் 1988-இல் எழுதிய முன்கதை, இன்று வாசிப்போரைத் திடுக்கிடச் செய்யும். பூதங்கள் ஆயுதத்தால் வெல்லவில்லை. தொலைக்காட்சியில் வந்த ஒரு கேளிக்கை நிகழ்ச்சியினால் மக்களின் மனத்தை மயக்கி, அவர்களாகவே முன்வந்து தொப்பியணியுமாறு செய்துவிட்டன. எந்தப் பெட்டி அவருடைய புகழைப் பரப்பியதோ, அந்தப் பெட்டியைக் குறித்தே அவர் பிள்ளைகளை எச்சரித்தார்.

அவர் வெட்டிய பாதையில் மற்றவர்களும் நடந்தனர் என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. 1968-இல் பீட்டர் டிக்கின்ஸன், மக்களே யந்திரங்களை வெறுத்து உடைத்தெறியும் இங்கிலாந்தைச் சித்திரித்தார். 1973-இல் நிக்கலஸ் பிஸ்க், ஒரு குடும்பத்துக்குள் பாட்டியின் தங்கையாக வந்து புகுந்த அன்னிய உருவத்தைப் பிள்ளைகள்மட்டும் சந்தேகிக்கும் கதையை எழுதினார். 1985-இல் லூயிஸ் லாரன்ஸ், அணுயுத்தத்துக்குப் பிற்பட்ட மூன்று தலைமுறையை இளைஞர்முன் வைத்தார். பிள்ளைகளால் தாங்க இயலாது என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த விஷயங்கள் யாவும் பிள்ளைகளிடமே நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்டன. யூட் பிற்காலத்தில் ரை என்ற பழைய துறைமுக ஊரில் வசித்து, 2012 பிப்ரவரி 3-ஆம் தேதி, பாத் நகரில் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய மேதையை ஒரே இடத்திற் காண விரும்புவோர், 1968-இல் வெளிவந்த "நெருப்புக் குளம்" என்ற மூன்றாம் நூலின் முடிவைப் படித்தல் வேண்டும். இரு நகரங்கள் வீழ்ந்துவிட்டன; மூன்றாவது நகரத்தின் கூரைமேல் எறிந்த குண்டுகள் வழுக்கி விழுந்து பயனற்றுப்போக, வில்லுக்கு ஒருகாலத்தில் பிடிக்காதவனாயிருந்த ஹென்றி, வெடிகுண்டைத் தன் கைகளாலேயே பற்றிக்கொண்டு நின்று, நகரத்தோடு தானும் அழிகிறான். பூமி விடுதலையடைகிறது. வேறோர் ஆசிரியராயின் கொடியேற்றத்தோடு கதையை முடித்திருப்பார். ஆனால் இவரோ, விடுதலைபெற்ற தேசங்களின் பிரதிநிதிகளை அதே மலையில் மகாசபையாகக் கூட்டி, அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்து, எல்லைக்கும் தலைமைக்குமாகப் பூசலிட்டுக் கலைந்துபோவதைக் காட்டுகிறார். தொப்பி இருந்தவரை யுத்தம் இல்லை. தொப்பி கழன்றதும் யுத்தத்தின் வித்து மீண்டும் முளைக்கிறது. அப்படியானால் ஹென்றி எதற்காக மாண்டான் என்ற கேள்வியைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே எழுப்புவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அக்கேள்விக்கு அவர் கூறும் விடை மிகவும் அடக்கமானது. வில்லும் எஞ்சியிருக்கும் அவன் நண்பர்களும், தத்தம் விருப்பப்படி வாழலாம் என்று எண்ணியிருந்த வாழ்வை ஒதுக்கிவைத்துவிட்டு, மனிதர்களை ஒற்றுமைப்படுத்தும் பணியில் இறங்குகிறார்கள். வெல்லுவோம் என்ற நிச்சயம் அவர்களுக்கு இல்லை. பூதத்தை வீழ்த்துவதற்கு வேண்டிய வீரத்தைக் காட்டிலும், தொப்பியில்லாத மனிதனோடு பொறுமையாகப் பேசி அவனை இணங்கவைக்கும் வேலைக்கு அதிக வீரம் வேண்டும் என்பதை அறிந்தே அதனை ஏற்கிறார்கள். ராணுவத்தில் ஐந்தாண்டு சேவித்துத் திரும்பி, ஐந்து குழந்தைகளை வளர்த்த ஒரு தகப்பன், அக்குழந்தைகளின் வயதையொத்த பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற செய்தி அது. பிள்ளைப் பிராயம் கழிந்ததென்று அறிவிக்கும் சடங்குகள் எத்தனையோ உண்டு. அந்நூலின் கடைசிப் பக்கத்தைப் படித்து மூடிவைத்துவிட்டு, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அத்தகைய சடங்கு ஒன்று நடந்தேறிவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.